புஷ்பா வீட்டுப் படிக்கட்டைப் பேசி வாங்கிய கோப்பை

ஒலிவாங்கி என் உதட்டுக்கு மிக அருகில் இருந்தது. எனக்கு முன்னால் பேசியவரின் எச்சில் வாடையும் இரும்பு வாடையும் அதில் கலந்து வந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்க மண்டபம். மேலே மின்விசிறிகள் கடகடத்தன. கீழே நூறு பேராவது இருந்திருப்பார்கள். அவையோரை வணங்கி முடித்துவிட்டேன். அடுத்த வாக்கியம் வரவில்லை.

இரண்டாம் வரிசையில் என் தோழி புஷ்பா உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக, அவளுடைய அப்பா ராஜு அங்கிள் நின்றார். எங்கள் புத்தகப் பைகளைக் காலடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, படிய வாரிய தலை. புஷ்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பேசு என்று அர்த்தம்.

பேசினேன். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு மேடைப் பயம் ஒழிந்தது, இன்றுவரை திரும்பி வரவில்லை. புஷ்பாவும் திரும்பி வரவில்லை.

சென்ற வாரம் இந்தத் தொடரில், கிள்ளானில் நான் முதன்முதலாக ஒரு கல்யாண விருந்துக்கு அறிவிப்பாளராக நின்ற கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அக்கா, உங்களுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது போல" என்று செய்தி அனுப்பியிருந்தார். புகழ்கிறாராம்! இந்த வாரத்துக்கு வேறொன்று எழுதி வைத்திருந்தேன். அதை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கை மட்டும் உயர்ந்தது

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குப் பேச்சுப் போட்டியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆசிரியர் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு இருக்கும்: இங்கே கையை உயர்த்து, இங்கே நெஞ்சில் கை வை, இங்கே குரலைத் தாழ்த்து. நீதி வழுவா நீதிபதிகளே, நேரக் காப்பாளரே, சக போட்டியாளர்களே என்று வரிசையாகக் கும்பிட்டு முடிப்பதற்குள் பாதித் தெம்பு போய்விடும்.

ஐந்தாம் ஆண்டில், பதினொரு வயதில், என்னை அப்படி ஒரு மேடையில் ஏற்றினார்கள். மூன்றாவது வாக்கியத்தோடு எல்லாம் மறந்துபோனது. சொல் மறந்தது, ஆனால் கை மறக்கவில்லை. பேச்சே இல்லாமல் வலது கை தானாக உயர்ந்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. பிறகு மறுபடி உயர்ந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரரைப் போல நான் அங்கே நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்க, மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நேரக் காப்பாளர் மணி அடிக்க மறந்து அவரும் சிரித்தார்.

இப்போது இதைச் சொன்னால் கல்யாண வீடுகளில் நல்ல சிரிப்பு கிடைக்கிறது. அன்றைக்கு எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.

அதற்குப் பிறகு வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்க மாட்டேன். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் வாய் திறக்க மாட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அம்மாவுக்குப் பிடித்த பழமொழி. "இது எங்க பிழைக்கப் போவுது" என்று அதோடு சேர்த்துச் சொல்வார்.

பாங், துருன்!

இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுத்தவர்கள் எங்கள் படிவத்தில், அதாவது வகுப்பில், ஒன்பது பேர்தான். அவர்களில் நன்றாகப் பேசுகிறவள் புஷ்பா. குள்ளம், இரட்டைச் சடை, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். எதையும் ஒப்பிக்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல மேடையிலும் பேசுவாள். அவள் ஏன் என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள் என்று எனக்கு இன்றும் தெரியாது. எனக்கு இருந்த ஒரே கூட்டாளி அவள்.

நான்காம் படிவத்தில், ஃபோர்ம் ஃபோர் என்பார்களே, அந்தப் பதினாறு வயதில், கோலாலம்பூரில் நடக்கும் ஒரு பேச்சுப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். தலைப்பை அங்கேதான் கொடுப்பார்கள், பத்து நிமிடம் யோசித்துவிட்டுப் பேச வேண்டும். புஷ்பா போவாள் என்று எங்கள் தமிழ் ஆசிரியை கமலா டீச்சர் எழுதப் போனார். புஷ்பா எழுந்தாள்.

"டீச்சர், இந்த வருஷம் சித்ரா போவட்டும்."

"யாரு, இந்தச் சித்ராவா? வாயத் தொறக்க மாட்டாளே!"

"நான் தொறக்க வைக்கிறேன் டீச்சர்."

எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக் கிள்ளினேன். "உனக்கு பைத்தியமாடி?"

"மனப்பாடம் பண்ணுனதாலதான் உனக்கு அப்புடி ஆச்சு. ஒரு வரி போனா எல்லாம் போச்சு. பார்த்தத சொல்லு. பார்த்தது எங்கயும் போவாது."

பயிற்சி பஸ்ஸில் ஆரம்பித்தது. இறங்கும் இடம் வந்தால் மணியை அழுத்தக் கூடாது. "பாங், துருன்!" என்று, அதாவது அண்ணே இறங்கணும் என்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி நான் கத்த வேண்டும். முதல் மூன்று நாளும் என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. எங்கள் நிறுத்தம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய் வெயிலில் நடந்து திரும்பினோம். அவள் ஒருநாளும் எனக்காக மணியை அழுத்தவில்லை. நான்காம் நாள் கத்திவிட்டேன். ஓட்டுநர் பயந்துபோய் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். புஷ்பா சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.

பிறகு வாழைப்பழம் பொரிக்கிற கடைக்கார அக்காவிடம் தினமும் ஒரு கேள்வி. பிறகு சிற்றுண்டிச்சாலையில் மூன்று பேருக்கு ஒரு கதை, அடுத்த வாரம் ஆறு பேருக்கு. இன்று ஆயிரம் பேர் கூடும் மண்டபத்தில் நான் நிற்கிறேன் என்றால் அந்த ஆறு பேரில் தொடங்கியதுதான். அவள் இல்லாவிட்டால் நான் ஏதாவது அலுவலகத்தில் தலையைக் குனிந்து கோப்பு அடுக்கிக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் மாடி

புஷ்பாவின் வீடு ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் நான்காவது மாடி. மின்தூக்கி கிடையாது. படிக்கட்டில் குரல் நன்றாக எதிரொலிக்கும். "மைக்குல உன் குரல் இப்புடித்தான் திரும்பி வரும், பழகிக்க" என்று மாலையில் என்னை அங்கே கூட்டிப் போவாள். நான் மேல் படியில் நின்று பேசுவேன், அவள் கீழ்ப் படியில் உட்கார்ந்து கேட்பாள்.

அங்கேதான் ராஜு அங்கிளைப் பார்த்தேன். போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். ஒருநாள் நாங்கள் ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். சம்சுச் சாராய வாடை. மேலே ஏறக் கால் வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்று, முடியாமல் கையை மட்டும் கூப்பினார்.

புஷ்பா பதறவில்லை. "நீ மேல போ சித்ரா" என்றாள். நான் போவதற்குள் அவளே என்னைத் தாண்டி ஓடி, வீட்டிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடந்து போன ஒரு ஆன்ட்டி, "என்ன ராஜு, இன்னிக்கும் இங்கயா?" என்று முகத்தைச் சுளித்தார்.

"அப்பா காத்து வாங்குறாரு ஆன்ட்டி," என்றாள் புஷ்பா.

நான் மூன்றாம் மாடியிலிருந்து கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். மடியில் ஏதோ விரிந்து கிடந்தது, வாய் முணுமுணுத்தது. அப்பா எழுந்திருக்கும்வரை துணைக்கு இருந்து அங்கேயே வீட்டுப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன். அவர் எழ ஒரு மணி நேரமானது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறினார்.

பிறகும் நாலைந்து தடவை அப்படிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதே என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்திருப்பாள்.

உண்மைச் சம்பவம்

போட்டியன்று டீச்சருக்குக் காய்ச்சல். கூட்டிப் போகப் பெரியவர் யாராவது வேண்டும். ராஜு அங்கிள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். என்னையும் புஷ்பாவையும் சேர்த்து எங்கள் படிவத்துப் பிள்ளைகள் ஐந்து பேரும் அவரும் கிள்ளானில் ரயில் ஏறினோம். முகம் மழித்து, பவுடர் போட்டு, வாசனையாக இருந்தார். "ரெண்டு நாளா தொடவே இல்ல, உனக்காகத்தான்" என்று புஷ்பா என் காதில் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

எனக்கு வந்த சீட்டில் குடிப்பழக்கம் குடும்பத்தை அழிக்கும் என்று எழுதியிருந்தது.

வேறு எத்தனையோ பேசியிருக்கலாம். பத்திரிகையில் வந்ததைச் சொல்லியிருக்கலாம். தோட்டத்துச் சாராயக் கடைகளைப் பற்றிப் பேசியிருக்கலாம். நடுவில் உண்மைச் சம்பவம் ஒன்று வந்தால் நீதிபதி நிமிர்ந்து உட்காருவார் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். யோசிக்கக் கொடுத்த பத்து நிமிடமும் வெற்றுத் தாளைப் பார்த்தே போய்விட்டது. மேடையில் நின்றபோது ஐந்தாம் ஆண்டின் அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது. வலது கை தானாக எழப் பார்த்தது. அப்போதுதான் புஷ்பா தலையை ஆட்டினாள்.

பார்த்தத சொல்லு.

"எனக்கு ஒரு தோழி இருக்கிறாள்," என்று தொடங்கினேன்.

அவ்வளவுதான், வாய் நிற்கவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தைச் சொன்னேன். சாராய வாடையைச் சொன்னேன். எழ முடியாமல் கையை மட்டும் கூப்பிய அப்பாவைச் சொன்னேன். "அப்பா காத்து வாங்குறாரு ஆன்ட்டி" என்பதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். ஒரு நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் பேசுகிறேன், எல்லாரும் கேட்கிறார்கள்! வேறு எதுவும் மண்டைக்குள் நுழையவில்லை.

புஷ்பா பக்கம் பார்க்கவே இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பாதிப் பேச்சில் பார்த்தேன். அவள் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

கைதட்டல் எழுந்தது. கதவோரம் நின்றவரும் தட்டினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த ரயில்

முதல் பரிசு. வெள்ளி நிறத்தில் ஒரு கோப்பை. ரயிலில் பிள்ளைகள் ஆளுக்கொரு முறை அதை வாங்கிப் பார்த்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. எனக்கு இருப்பது ஒரே தோழி என்று அந்த மூன்று பேருக்கும் தெரியுமே!

ராஜு அங்கிள் எல்லாருக்கும் குடிக்கிற மைலோ பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். என்னிடம் நீட்டும்போது, "நல்லா பேசுனம்மா. கணீர்னு இருந்திச்சி. மைக்கே தேவையில்ல லா," என்றார். பிறகு கிள்ளான் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

புஷ்பா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், ஏதாவது நடந்திருக்கும். திங்கட்கிழமை வகுப்பில் என் பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு முன் வரிசைக்குப் போனாள். அன்று இடைவேளையில் ஒருத்தன், "ஏய் புஷ்பா, உங்கப்பா இன்னிக்கும் காத்து வாங்குறாரா?" என்று கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பத்தடி தூரத்தில்தான் நின்றேன். முந்தாநாள் நூறு பேர் முன்னால் திறந்த வாய் அப்போது திறக்கவில்லை.

பள்ளிச் சபைக்கூடலில் என்னை மேடைக்கு அழைத்துப் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு எல்லாப் போட்டிக்கும் நானே போனேன். புஷ்பா பெயர் கொடுக்கவில்லை.

பேரைச் சொல்லலையே என்பதுதான் அப்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட வாதம். எவ்வளவு கேவலமான வாதம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். கெட்டது இன்னொருவர் வீடு.

அதோடு விட்டேனா? அந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பல்கலைக்கழக நேர்காணலில் சொன்னேன். மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் பேச்சு என்று கூப்பிட்ட இடமெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. ஒரு மேடையில் மழையைச் சேர்த்தேன். ரவாங்கில் ஒரு பள்ளியில் அந்த அப்பா மகளை அடித்தார் என்றும் சேர்த்துவிட்டேன். ராஜு அங்கிள் ஒருநாளும் அவளை அடித்ததில்லை. பிள்ளைகள் அழுதார்கள், ஆசிரியர்கள் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். இதை எழுதும்போது கூசுகிறது.

பதினாறாம் நாள்

இந்த வருடத் தொடக்கத்தில் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தது. ராஜு அங்கிள் காலமாகிவிட்டார். சாவுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன்.

கிள்ளானில் ஒரு தரை வீடு. வாசலில் பந்தல். புஷ்பா இப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இரட்டைச் சடை போய்த் தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "வா, உக்காரு," என்றாள். அவ்வளவுதான்.

பூசை முடிந்தது. தேவாரம் பாட வைத்திருந்த ஒலிவாங்கி சும்மா கிடந்தது. உறவினர் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அட, நீங்க கல்யாணத்துலலாம் பேசுறவங்கதானே! புஷ்பாவோட ஸ்கூல்மேட்டா? அண்ணனப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா," என்று ஒலிவாங்கியைக் கையில் திணித்தார்.

நான் எழுந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முதல் வாக்கியம்கூட மனசுக்குள் தயாராகிவிட்டது.

புஷ்பா வந்தாள். என் விரல்களை மெதுவாகப் பிரித்து ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. இவ அப்பாவப் பத்தி ஏற்கெனவே பேசிட்டா. நான் பேசுறேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, சரி என்று உட்கார்ந்தார். புஷ்பா பேசினாள். வணக்கம் இல்லை, அவையோர் இல்லை.

"எங்கப்பா குடிப்பாரு. இங்க எல்லாருக்கும் தெரியும். முன்ன ஃப்ளாட்ல இருக்கப்ப மாடி ஏற முடியாம படிக்கட்டுல உக்காந்துருவாரு. எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு. நான் பேப்பர எடுத்துக்கிட்டுப் போயி பக்கத்துல உக்காருவேன். வாசிம்மான்னுவாரு. சாவு அறிவிப்புலருந்து ஜவுளிக்கடை விளம்பரம் வரைக்கும் வாசிப்பேன். இன்னும் சத்தமா, இன்னும் சத்தமான்னுவாரு, நான்தான் அக்கம்பக்கத்துக்குப் பயந்து முணுமுணுப்பேன். வீட்டுக்குள்ள அவரு பேசவே மாட்டாரு. அங்கதான் பேசுவாரு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அது ஃபோர்ம் ஃபோர் வரைக்கும்தான். அப்புறம் பிள்ளைக்கு அவமானம்னு அவரு படிக்கட்டுல உக்காரவே இல்ல. குடிச்சா போர்ட் கிள்ளான்ல லோரியிலயே படுத்துக்குவாரு. வீட்டுக்கு வரமாட்டாரு. நானும் எவ்ளோ நாள் பேப்பர எடுத்துக்கிட்டுக் கீழ போயிப் பார்த்தேன். அவ்வளவுதான். எல்லாரும் சாப்பிட்டுப் போங்க."

ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. எனக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு எரிந்தது. அத்தனை மேடையிலும் துயரம் துயரம் என்று நான் விற்றது அவளுடைய சந்தோஷத்தை.

பந்தி பரிமாறும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன். இருபத்து மூன்று வருடமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "மன்னிச்சிருடி" என்று மட்டும் வந்தது.

அவள் இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அப்பாவுக்கு உன்மேல கோவமே இல்ல. லோரி ஆளுங்க பசியாறுற கடையில எல்லாம் சொல்லுவாராம், எம்மவ கூட்டாளி என்னப் பத்திப் பேசி கப்பு வாங்குச்சுன்னு. சொல்லிட்டு அவரே சிரிப்பாராம்."

"நீ?" என்றேன்.

"நான் இன்னும் சிரிக்கல சித்ரா," என்றாள். துடைத்த இலையை என் முன்னால் போட்டாள். "உக்காரு. சோறு வருது."